பொன்னம்மா என்று ஒருவர் இல்லை

என் அக்கா மகன் யோகலிங்கம் எங்கள் படலையைத் திறந்துகொண்டு வந்தபோது நான் முற்றத்தில் நெல்மூட்டைக்கு வாய் தைத்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தேன், எழும்பவில்லை. ஆறு வருடமாக அவன் எங்கள் வளவுக்குள் கால் வைத்ததில்லை. நானும் அவனுடைய வளவுக்குள் கால் வைத்ததில்லை. இத்தனைக்கும் அக்கராயன் குளத்துக்குக் கீழே இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்துக் காணிகள். நடுவில் ஒரு வேலிதான்.

காரணம் அவனுடைய கலியாணம். தகப்பன் இல்லாத பிள்ளை, தாய்மாமன் வீட்டுக்குத் தானே வந்து, வெற்றிலைத் தட்டம் வைத்துச் சொல்லவேண்டும். அவன் என்னைச் சந்தையடியில் கண்டு, சைக்கிளைவிட்டு இறங்காமல், ஒரு காலை மட்டும் நிலத்தில் ஊன்றிக்கொண்டு, "அம்மான், வாற கிழமை கலியாணம், வந்திடுங்கோ" என்றான். ஆட்டுக்குக் குழை வெட்டித் தரும்படி கேட்பதுபோலக் கேட்டான். நான் போகவில்லை. அதோடு இரண்டு வீட்டுக்கும் நன்மை தின்மை இல்லாமற் போயிற்று.

அக்கா மட்டும் வேலிப் பொட்டால், ஆள் நுழைகிற அந்த இடைவெளியால், வந்துபோவார். தையல்முத்து என் ஒரேயொரு அக்கா, யோகலிங்கத்தின் தாய். "உங்கட கோவத்தை நீங்கள் ஆம்பிளையள் வைச்சிருங்கோ, எனக்கு உப்பு முடிஞ்சுபோச்சு" என்று என் மனைவி கமலாசனியிடம் சிரட்டையை நீட்டுவார். என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிப்பார். நான் வேறு பக்கம் பார்ப்பேன்.

போன வருடம் அக்காவுக்கு நினைவு தப்பி அறளை பெயரத் தொடங்கியது. முதலில் அடுப்பில் வைத்ததை மறந்தார். பிறகு பேரப்பிள்ளையின் பெயரை மறந்தார். பொழுதுபட்டால் பளைக்குப் போகவேண்டும் என்று வெளிக்கிட்டுவிடுவார். பளையில் நாங்கள் பிறந்த வீட்டில் இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள். ஒருநாள் யானை இறங்குகிற பக்கமாகக் குளக்கட்டில் தனியே நடந்துபோனவரை, தூண்டில்காரர் கண்டு கூட்டிவந்தார்கள். அதற்குப் பிறகு யோகலிங்கம் வேலிப் பொட்டைக் கதியால் தடிகள் நட்டு அடைத்துவிட்டான்.

அன்று வந்தவன் கையில் வெற்றிலைத் தட்டம் இருந்தது. அதை எனக்கு முன்னால் சாக்கின்மேல் வைத்தான்.

"கலியாணத்துக்கு வராத வெற்றிலை" என்றேன்.

"பழசைக் கிளறாதேங்கோ அம்மான். விமலேஸ்வரிக்கு ஒரு இடம் பொருந்தி வந்திருக்குது. முழங்காவில் ஆக்கள். பொடியன் தபாற்கந்தோரில வேலை."

விமலேஸ்வரி அவனுடைய தங்கை. "நல்ல விசயம்" என்றேன்.

"அடுத்த மாதம் பொம்பிளை பாக்க வருகினம். அம்மாவை இந்தக் கோலத்தில கண்டினமெண்டால், குடும்பத்தில விசர் எண்டு எழும்பிப் போயிடுவினம். வவுனியாவில ஒரு மடம் இருக்குது, அம்மான். வயது போன ஆக்களை வைச்சுப் பாக்கிற இடம். நல்ல சைவ ஆக்கள் நடத்துகினம். நீங்கள் ஒருக்கா வந்து பாருங்கோ. நீங்கள் ஓம் எண்டால்தான் நான் செய்வன்."

தன் கலியாணத்துக்கு வைக்கத் தெரியாத தட்டத்தைத் தாயை வீட்டைவிட்டு அனுப்புவதற்கு வைக்கிறான். அப்புத்துரை நான் ஓம் என்றால் ஊர் வாய் திறக்காது. அதற்கு மட்டும் தாய்மாமன் வேண்டும். ஆனால் அவன் சொன்னதில் பொய் இல்லை. அக்காவைக் குளிப்பாட்டித் தலையிழுத்துச் சோறூட்டுகிறவள் விமலேஸ்வரி. அவள் கலியாணம் முடித்துப் போனால், யோகலிங்கத்தின் மனைவி இரஞ்சிதம் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்? "வாறன்" என்றேன். வெற்றிலையைத் தொடவில்லை.

கமலாசனி குசினிக்குள் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"இஞ்சேருங்கோ, பாக்கப் போறீங்கள், சரி. அந்த இடம் கூடாதெண்டு சொல்லிப்போட்டு வந்தால் மச்சாளைக் குளிப்பாட்டப் போறது ஆர்? நீங்களோ?"

"அந்தக் கதை பேந்து."

"பேந்து இல்லை, இப்பவே சொல்லுறன். நான்தான். அதை மனசில வைச்சுக்கொண்டு பாருங்கோ. ஆனால் என்னைச் சாட்டி ஓமெண்டு சொல்லிப்போட்டும் வந்திடாதேங்கோ."

சால்வையை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு காலை பஸ்ஸில் வெளிக்கிட்டேன். யோகலிங்கம் எனக்கு யன்னல் பக்கம் இடம் விட்டான்.

அந்த மடத்தின் பெயரை நான் எழுதமாட்டேன். மல்லிகைப் பந்தலும் வெள்ளை மதிலுமாக நல்ல இடம். மனேச்சர் முன்பு எங்கேயோ ஓவசியராக இருந்தவராம். நெற்றி நிறைய விபூதி, துவைத்து நீலம் போட்ட வேட்டி. "வாங்கோ ஐயா, வாங்கோ" என்று கதிரை இழுத்துப் போட்டார். நான் இருக்கவில்லை. கிணற்றடியைக் காட்டச் சொன்னேன்.

கிணறு கட்டுக்கிணறு. வாளியின் கயிறு புதிது. குடிநீர்ப் பானைக்கு மூடி இருந்தது. குசினிக்குள் எட்டிப் பார்த்தேன். மரக்கறி மட்டும்தான் சமைக்கிறார்களாம். கத்தரிக்காய்க் குழம்பின் மணம் நன்றாக இருந்தது. ஆர் சமைக்கிறது, என்ன ஆக்கள் என்று கேட்டேன், மனேச்சர் சொன்னார், அதில் நான் பிழை சொல்ல இடமில்லை. சாமியறையில் விளக்கு எரிந்தது. கக்கூசுக்கும் போனேன், சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். யோகலிங்கம் ஒவ்வொரு இடத்திலும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு பின்னால் வந்தான். எனக்கே மனம் இளகிக்கொண்டு வந்தது. இதைவிட ஒரு வீட்டில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

"ஐயாவுக்குப் பயமே வேண்டாம்" என்றார் மனேச்சர். "இஞ்ச இருக்கிறதெல்லாம் பெரிய குடும்பத்து ஆக்கள். ஒருதற்ற மானத்துக்கும் பங்கம் வராது. ஊர், பேர் ஒண்டும் வெளியில போகாது."

"எப்பிடிப் போகாமல் இருக்கும்? நாலு சனம் வந்து போற இடமெல்லோ."

"அதுக்குத்தான் நாங்கள் வேற பேர் வைச்சுக் கூப்பிடுறது. வேற ஊர் சொல்லுறது. உங்கட ஊர்ச் சனமே வந்து நிண்டாலும் விளங்காது. தம்பி உங்கட ஆளுக்குப் பேரும் தந்திட்டார்." அவர் யோகலிங்கத்தைப் பார்த்துச் சிரித்தார். "பொன்னம்மா. ஊர் திருகோணமலை."

நான் யோகலிங்கத்தைத் திரும்பிப் பார்த்தேன். அவன் தன் செருப்பைப் பார்த்தான். நான் ஓம் என்று சொல்வதற்கு முன்பே பெயர் வைத்தாயிற்று.

"பொன்னம்மா எண்டு எங்கட குடும்பத்தில ஆரும் இல்லை" என்றேன்.

"அதுதானே ஐயா நல்லது."

அவர் அதைப் பகிடியாகச் சொல்லவில்லை. சேவையாகச் சொன்னார். பொம்பிளைகள் இருக்கிற மண்டபத்தைப் பார்க்கவேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

அங்கே போனபோதுதான் மல்லிகைப் பந்தல் பார்க்க வருகிறவர்களின் கண்ணுக்கு மட்டும்தான் என்று விளங்கிற்று. கட்டில்கள் வரிசையாக இருந்தன. எல்லாருக்கும் ஒரே நிறச் சீலை. எல்லாருக்கும் தலைமயிரைக் கழுத்தோடு ஒட்ட வெட்டியிருந்தார்கள். நரைத்த தலையிலும் கொண்டை முடிந்து, அதில் ஒரு பூவாவது வைக்காமல் வாசலுக்கு வராத வயதுக்காரிகள். "பேன் ஐயா, வேற வழியில்லை" என்றார் மனேச்சர். ஒருவரும் எங்களை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒரு வேலைக்காரி வாசலில் நின்று, "செல்லம்மா, தங்கம்மா, எழும்புங்கோ, ஆக்கள் வந்திருக்கினம்" என்றாள். ஒருவரும் அசையவில்லை.

கடைசிக் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒருவர் நிலத்தில் குந்தியிருந்தார். உள்ளங்கையால் சீமெந்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஓர் இலை அகலத்துக்குத் துடைப்பார். சற்றுத் தள்ளிப் போய் இன்னோர் இலை அகலத்துக்குத் துடைப்பார். பிறகு விரல்களை உதறுவார், தண்ணீர் தெளிப்பதுபோல.

"செல்லம்மா இது" என்றார் மனேச்சர். "எந்த நேரமும் இப்பிடித்தான் நிலத்தைத் தடவிக்கொண்டிருக்கும். வந்து வருசத்துக்கு மேல. ஒரு சொல் கதைச்சதில்லை. காது கேளாது, பாவம்."

நான் அந்தக் கையைப் பார்த்தேன். அந்த உதறலை நான் எத்தனையோ வைகாசியில் பார்த்திருக்கிறேன். வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குப் பளையிலிருந்து வண்டில் கட்டிப் போகிற காலத்திலிருந்து நாங்கள் தங்குவது முள்ளியவளையில் பள்ளிக்கூடம் படிப்பித்த சிற்றம்பலச் சட்டம்பியார் வீட்டில். வழியில் போகிற வருகிற சனமெல்லாம் அங்கேதான் சாப்பிடும். சட்டம்பியாரின் மனைவி பந்திக்கு நிலம் துடைத்து, தண்ணீர் தெளித்து, இலை போட்டு, ஆர் எந்த ஊர் என்று கேட்காமல் சோறு போடுவார். சட்டம்பியார் செத்துச் சில வருடமாகிறது. இந்த வைகாசியிலும் நான் போனேன். மகன்தான் பந்தியில் நின்றான். தாயைக் கேட்டேன். "அம்மா கொழும்பில தம்பியோட சுகமாய் இருக்கிறா" என்று என் முகத்துக்கு நேரே சொன்னான். நானும் சந்தோசப்பட்டுச் சாப்பிட்டு எழும்பி வந்தேன்.

"சிவக்கொழுந்தக்கா" என்றேன்.

கை நின்றது. தலை திரும்பியது. காது கேளாத மனுசி என்று சொன்னார்களே, அவர் என்னை நேராகப் பார்த்தார்.

"பளைத் தம்பியோ. பொங்கலுக்கு வந்தனீங்களோ."

"ஓம் அக்கா."

"வண்டில் எங்க விட்டனீங்கள்? மாட்டுக்குத் தண்ணி காட்டச் சொல்லுங்கோ. சட்டம்பியார் கோயிலடியில நிக்கிறார், வர நேரஞ்செல்லும். நீங்கள் கால்முகம் கழுவிப்போட்டு இருங்கோ, இலை போடுறன்." பிறகு என் பின்னால் நின்றவனைப் பார்த்தார். "இது ஆர், மகனோ? பிள்ளைக்குப் பசி முகத்தில தெரியுது."

மனேச்சரின் வாய் திறந்தபடி நின்றது. "இது கதைக்குமோ?" என்றார்.

"இது இல்லை. அவா" என்றேன். "அவாவின்ர பேர் சிவக்கொழுந்து. முள்ளியவளைச் சிற்றம்பலச் சட்டம்பியாற்ற பெஞ்சாதி. உங்கட செல்லம்மாவுக்கு அவா ஏன் மறுமொழி சொல்லவேணும்? அறளை பெயர்ந்தவைக்குக் கடைசியாய் மிஞ்சிறது தங்கட பேர் ஒண்டுதான். அதைத்தான் நீங்கள் வாசலில வைச்சுப் பறிச்சுப்போட்டு, காது கேளாதெண்டு இருக்கிறீங்கள்."

"மெல்லமாய்க் கதையுங்கோ ஐயா. அவவின்ர மகன்தான் பேர் மாத்தச் சொன்னது. அவற்ற மானம் எண்டு ஒண்டு இருக்குதெல்லோ."

"மானமோ. மானமுள்ளவன் தாய்க்குப் பேர் மாத்துவானோ? மகன் சொன்னானாம், இவர் மாத்தினாராம். நாளைக்கு அவா கண்ணை மூடினால் ஆற்ற பேரில எரிப்பியள்? செல்லம்மாவுக்கோ அந்தியேட்டி?"

மனேச்சர் யோகலிங்கத்தைப் பார்த்தார். யோகலிங்கம் சுவரைப் பார்த்தான்.

சிவக்கொழுந்தக்கா இரண்டு இலை அகலத்துக்கு நிலத்தைத் துடைத்து முடித்திருந்தார். "இருங்கோவன்" என்றார். நான் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு அந்த நிலத்தில் சப்பாணி கட்டி இருந்தேன். யோகலிங்கத்தையும் இருக்கச் சொன்னேன். அவன் தயங்கினான்.

"இரடா. உன்னை ஒரு பெரிய மனுசி பந்திக்குக் கூப்பிடுறா."

இருந்தான். சோற்றுச் சட்டியையும் இரண்டு வாழையிலையையும் கொண்டுவரச் சொன்னேன். மனேச்சர் மறுக்கப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, வேலைக்காரியை அனுப்பினார். சிவக்கொழுந்தக்கா அகப்பையை வாங்கியதும் முதுகு நிமிர்ந்தது. எனக்கு முதலில், பிறகு அவனுக்கு. குழம்பைச் சோற்றின் நடுவில் விடவில்லை, முறையாக ஓரத்தில் விட்டார். "வெக்கப்படாமல் சாப்பிடுங்கோ தம்பி, பிள்ளை, இன்னும் கிடக்குது." சுற்றிக் கட்டில்களில் இருந்த மற்றப் பெண்கள் எழும்பி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் எங்கேயோ ஒரு வாசலும் ஒரு பேரும் இருந்திருக்கும். நான் இலையில் மிச்சம் விடாமல் சாப்பிட்டேன். அவர் போட்ட சோற்றை மிச்சம் விட்டு எழும்புகிற பழக்கம் எனக்கு இல்லை.

வெளிக்கிடும்போது, "சட்டம்பியாரைக் கண்டால் கெதியாய் வரச் சொல்லுங்கோ" என்றார். "சொல்லுறன் அக்கா" என்றேன். வேறென்ன சொல்ல.

வாசலில் மனேச்சரிடம், "முள்ளியவளைக்கு நான் போவன். அந்த மகனிட்டை நேரில கதைப்பன். அதுவரைக்கும் அவாவை அவாவின்ர பேரில கூப்பிடுங்கோ" என்றேன். "எங்கட ஆள் வரமாட்டா. பொன்னம்மாவுக்குக் கட்டில் போடாதேங்கோ."

பஸ் ஓமந்தை தாண்டியது. யோகலிங்கம் முன் இருக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கதைத்தான்.

"அம்மான், நீங்கள் வேலிக்கு அங்கால இருந்துகொண்டு மானம் கதைக்கிறீங்கள். லாந்தரோட குளத்தடியில தேடித் திரிஞ்சது நான். அம்மா கிணத்துக்குள்ள விழுந்திட்டாவோ எண்டு எட்டிப் பாத்தது நான். நீங்கள் உங்கட வீட்டில இருந்து கேட்டுக்கொண்டு இருந்தனீங்கள்."

அது பொய்யில்லை. "ஓம்" என்றேன்.

அவன் நான் மறுத்துக் கதைப்பேன் என்று எதிர்பார்த்திருக்கவேண்டும்.

"அப்ப விமலேஸ்வரியின்ர விசயம்?"

"பொம்பிளை பாக்க வாறவை என்ர வீட்டுக்கு வரட்டும். அக்காவை நல்ல சீலை உடுத்தி, கொண்டை போட்டு, நடுக் கதிரையில இருத்துவன். இவா பெண்ணின்ர தாய், பேர் தையல்முத்து, அறளை பெயர்ந்திட்டுது எண்டு நானே சொல்லுவன். எழும்பிப் போறவை போகட்டும். வாற மருமகன் மாமியாரைப் பொன்னம்மா எண்டு நினைச்சுக்கொண்டு தாலி கட்டவேண்டாம்."

"கலியாணம் குழம்பினால்?"

"குழம்பினால் குழம்பட்டும். நாளைக்கு உனக்கும் எனக்கும் இந்த வருத்தம் வரலாம். எனக்கு என்ன பேர் வைப்பாய்? இப்பவே சொல்லிவை, பிடிக்குதோ எண்டு பாக்கிறன்."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டான். மாங்குளம் சந்தியில் பஸ் நின்றது. முள்ளியவளைப் பக்கம் போகிற பஸ் எதிரே ஆள் ஏற்றிக்கொண்டு நின்றது.

"இறங்கி அதில ஏறப்போறீங்களோ?" என்றான்.

"அங்க வெள்ளிக்கிழமை போவன். முதல் எங்கட வீட்டைப் பாப்பம்."

அக்கராயனில் இறங்கியபோது வெயில் தாழ்ந்துவிட்டது. அவன் தன் வளவுப் படலையைத் திறந்து, திறந்தபடியே பிடித்துக்கொண்டு நின்றான். வாருங்கள் என்று சொல்லவில்லை. சொன்னால் நான் திரும்பிப் போய்விடுவேனோ என்று பயந்தான்போலும். நான் உள்ளே போனேன். இரஞ்சிதம் குழந்தையோடு உள்ளுக்கு ஓடிப்போனாள். விமலேஸ்வரி விளக்குக் கொளுத்திக்கொண்டிருந்தவள், திரியை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அம்மா எங்க பிள்ளை?"

அவள் வேலிப் பக்கம் கையைக் காட்டினாள்.

அக்கா பொட்டு இருந்த இடத்தில் நின்றார். நட்ட கதியால் இப்போது தழைத்திருந்தது. அதை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கிட்டப் போனேன்.

"ஆரது?"

"நான் அக்கா. அப்புத்துரை."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இல்லை" என்றார். "அப்புத்துரை எங்கட வளவுக்கு வரமாட்டான். வெற்றிலை வைச்சுச் சொல்லேல்லை எண்டு அவனுக்குக் கோவம்."

வேலிக்கு அங்காலே தண்ணீர் வாளி வைக்கிற சத்தம் நின்றது. கமலாசனி கேட்டுக்கொண்டு நிற்கிறாள் என்று தெரிந்தது.

"வந்திட்டான் அக்கா."

"அப்ப கோவம் முடிஞ்சுதோ?"

"இல்லை" என்றேன். சால்வையை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு கதியாலைப் பிடுங்கத் தொடங்கினேன். யோகலிங்கம் மற்றப் பக்கத்தைப் பிடித்தான்.